தவிட்டுக்கு வாங்கிய மகள்

என் பெயரில் பட்டா நிலம் கிடையாது. நகை என்று எடுத்துக் காட்டவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பெண் குழந்தையை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். விலை, ஒரு முறம் தவிடு. அதோடு வந்த பயத்துக்குத் தனி விலை யாரும் கேட்கவில்லை.

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கடைமடை கிராமத்தில் நான் சுகாதாரச் செவிலியராக இருந்தேன். கடைமடை என்றால், ஆற்றுத் தண்ணீர் மேலே இருக்கிற ஊருக்கெல்லாம் பாய்ந்து முடித்து, மனசு வந்தால் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர். நான் பிறந்தது திருக்காட்டுப்பள்ளி அருகில். அங்கே காவிரி கூப்பிடு தூரத்தில் ஓடும். அந்தத் திமிரில் இங்கே வந்த புதிதில் எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் உப்பு, காற்று உப்பு, துணை சுகாதார நிலையத்தின் சுவரும் உப்புப் பூத்து உதிர்கிறது என்று வாராவாரம் புலம்புவேன். முன்னறையில் வேலை, பின்னால் இரண்டு அறையில் குடித்தனம். என் கணவர் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு வந்து போவார். பிள்ளைகள் இரண்டும் படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டன.

கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பார்ப்பது, சத்து மாத்திரை கொடுப்பது, பிரசவத்துக்கு நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, பிறந்த பிள்ளைக்கு எடை பார்ப்பது, புதன்கிழமை தடுப்பூசி போடுவது. இதுதான் என் வேலை. கேட்க எளிமையாக இருக்கும். மாத்திரையைக் கொடுத்துவிடலாம், அது தொண்டைக்குள் இறங்கியதா என்று யார் பார்ப்பது? ஒரு வீட்டில் கோழிக்கூண்டைக் கழுவியபோது நான் கொடுத்த மாத்திரைகள் ஒரு கைப்பிடி கிடைத்தன. அந்த வீட்டுக் கோழிக்கு ரத்தசோகை வராது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எடை பார்க்கிற தராசு முன் வராந்தாவில் உத்தரத்துக் கொக்கியில் தொங்கும். வட்ட முகம், ஒரு முள், உள்ளே சுருள்கம்பி. அதன் கீழே பழைய பருத்திப் புடவையைக் கிழித்து நானே தைத்த துணித் தூளி. பிள்ளையை அதில் வைத்தால் சுருள்கம்பி மெல்ல முனகும், முள் ஆடி அடங்கும், நான் எண்ணைச் சொல்வேன். எந்த அம்மாவும் அந்த எண்ணைக் கேட்கமாட்டாள். "எடை கூடியிருக்கா?" என்றுதான் கேட்பாள். பத்து வரை படித்தவளும் கேட்பாள், படிக்காதவளும் கேட்பாள். கூடியிருக்கிறது என்றால் அவள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே நான் அந்த வேலையை இத்தனை வருஷம் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

நான் சொல்லப்போகிற பெண் டிகிரி முடித்தவள். அவள் மாமனார் காலம்வரை அந்தக் குடும்பம் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்தது. அவள் கணவன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன், சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் வாங்கியிருந்தான். அவள் எதையும் செல்போனில் படித்துவிட்டுத்தான் என்னிடம் வருவாள். "இந்த மாத்திரைய டீ குடிச்சதும் போடக்கூடாதாம்ல அக்கா" என்பாள். எனக்கு எரிச்சலாகவும் வரும், பெருமையாகவும் இருக்கும். முதல் பிள்ளை ஆண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம். கொஞ்சம் எடை குறைவு. அதனால் நான் சொல்லாமலே அடிக்கடி தூக்கிக்கொண்டு வந்து தராசில் போடுவாள். "எடை கூடியிருக்கானாக்கா?" கூடித்தான் வந்தான், கொஞ்சம் கொஞ்சமாக.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளையை எடுத்த பிறகு தூளி வெறுமனே ஆடுமில்லையா, உடனே ஒரு கையால் அதைப் பிடித்து நிறுத்துவாள். வெறும் தூளி ஆடக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். "டிகிரி படிச்சவ நீயுமா?" என்று கேலி செய்வேன். "படிச்சா கை சும்மா இருக்குமா" என்று சிரிப்பாள்.

ஒன்றரை மாத ஊசி ஒரு புதன்கிழமை. அவனுக்கும் போட்டேன், இன்னும் சில பிள்ளைகளுக்கும் போட்டேன். எல்லாம் ஒரே மருந்து. அன்றும் எடை பார்த்தாள். நன்றாகவே கூடியிருந்தான். சந்தோஷத்தில் ஊசி போட்ட தொடையில் முத்தம் கொடுத்துக்கொண்டே போனாள். இரண்டாம் நாள் காலை, பால் குடித்துத் தூங்கிய பிள்ளை எழுந்திருக்கவில்லை.

மேலதிகாரிகள் வந்தார்கள், டாக்டர்கள் வந்தார்கள். அதே மருந்து போட்ட மற்ற பிள்ளைகளைப் பார்த்தார்கள், குளிர்பெட்டியைப் பார்த்தார்கள், என்னைக் கேட்டார்கள். ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை, சில பச்சைப் பிள்ளைகள் காரணம் தெரியாமலே தூக்கத்தில் போய்விடுவது உண்டு என்று முடிவாக எழுதிக் கொடுத்தார்கள். அது உண்மை. நான் செய்ததில் ஒரு பிழையும் இல்லை, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் பிழையில்லை என்று தெரிந்தால் நிம்மதி வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிழை இருந்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இது எங்கேயும் ஒட்டாமல் என் கூடவே நடந்தது.

ஊர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் என் படியை மிதிக்கவில்லை. இரண்டாவது உண்டானபோது, நடந்தால் வந்துவிடுகிற என் நிலையத்தைத் தாண்டி, பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். பஸ் என் வாசலில்தான் திரும்பும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், என்னைப் பார்த்தால் தலையசைப்பாள். வராந்தாவைத் தாண்டும்போது மட்டும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். தராசு தொங்குகிற இடம் அது.

பிறந்தது பெண். பிறந்தவுடன் போடும் ஊசி, சொட்டு மருந்து எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மாதம் வந்தது. அவள் வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. அப்போது கக்குவான் இருமல் என்று பக்கத்துப் பஞ்சாயத்தில் ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்த ஊசி தடுக்கிற நோய்களில் அதுவும் ஒன்று. ஏற்கெனவே ஒன்றை மண்ணுக்குக் கொடுத்த வீடு. இதற்கும் ஏதாவது ஆகிவிட்டால் அவள் தாங்கமாட்டாள், நானும் தாங்கமாட்டேன். நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

காலை நேரம். அவள் கணவன் வாசலில் மெஷினின் ஏதோ சாமானுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான். மாமியார் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். உத்தரத்தில் இரண்டு சேலைத் தூளி தொங்கியது. ஒன்று புதுசு. இன்னொன்றைக் கீழே விழாமல் முடிச்சுப் போட்டு மேலே ஏற்றிக் கட்டியிருந்தார்கள். அது ஆடாமல் இருக்க ஒரு கயிறு சுவர் ஆணிவரை போயிருந்தது. கேட்கத் தேவையில்லை, அது அவனுடையது.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "ஊசிமேல பயமா?"

"ஊசி தப்புன்னு நான் சொல்லலக்கா. அவங்க எழுதிக் குடுத்தத நானும் படிச்சேன்."

"அப்புறம் ஏன் வரல?"

பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவன் பாத்துருவான்."

"எவன்?"

"மூத்தவன். வீட்ட விட்டு அவன் கடைசியாப் போன இடம் உங்க சென்டர்தான். இவளத் தூக்கிட்டு நான் அங்க வந்தா, நம்ம அம்மா மடியில யாருன்னு பாப்பான்ல. தனியா இருக்கான்க்கா. வெளையாட வான்னு கூப்பிட்டுருவான்."

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு, பேய் நம்பிக்கை கிடையாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எப்படி விட்டாய் என்று என் கணவர் கேட்பார். இந்தப் பெண் சொன்னது பேயும் இல்லை. பாலுக்கு அழுகிற ஒரு பிள்ளை, அம்மாவைத் தேடிக்கொண்டு இருக்கிறது. எங்கள் பயிற்சியில் அதற்குப் பாடம் இல்லை.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "மூத்தது தவறுனா எளையதத் தவிட்டுக்கு வித்துடறது வழக்கந்தான் நர்சம்மா. வேத்து வீட்டுப் பிள்ளைன்னு ஆயிட்டா தேடி வராது. ஆனா வாங்கற கை, பெத்த பிள்ளைங்க எல்லாம் உசுரோட இருக்கற கையா இருக்கணும். கேட்டுப் பாத்தாச்சு. இந்தக் காலத்துல யாரு வாங்கறா? வாங்கி எங்களுக்கு ஏதாவது ஆயிட்டான்னு ஒதுங்கிக்கறாங்க."

எனக்கும் இந்த வழக்கம் தெரியும். சின்ன வயதில் என்னை அழ வைக்க என் அண்ணன் சொல்வதே அதுதான், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று. ஒரு தாய் பிள்ளையை இன்னொருத்திக்கு விற்பாள், வாங்கியவள் விலையாகத் தவிடு கொடுப்பாள், பிறகு "என் பிள்ளையை வளர்த்துக் கொடு" என்று அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவாள். பிள்ளை எங்கேயும் போகாது. சொந்தம் மட்டும் கைமாறும். எமன் முகவரி தெரியாமல் திரும்பிவிடுவானாம்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எனக்கு ரெண்டு. ரெண்டும் உசுரோட இருந்து என் உசுர வாங்குதுங்க. எனக்கு விக்கிறீங்களா?"

கேலியாகத்தான் ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள், நீண்ட நாளைக்குப் பிறகு நேராக.

"வாங்கிட்டா பிள்ள உங்களுது. ஊசி போட்டாலும் போடாட்டியும் உங்க இஷ்டம். நான் ஏன்னு கேக்கமாட்டேன். ஆனா நீங்கதான் தூக்கிட்டுப் போவணும். நான் கூட வரமாட்டேன்."

எனக்கு வேண்டியதும் அதுதான். ஊசி போட வேறு வழி இருக்கவில்லை. வாசலில் இருந்து அவள் கணவன் குரல் கொடுத்தான். "அப்ப பட்டா சிஸ்டர் பேர்ல, நாங்க குத்தகைக்காரங்களா?" அதற்குத்தான் அந்த வீட்டில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

தவிடு வாங்கப் போனால் அதற்கும் ஒரு பாடு. இப்போதெல்லாம் மில்லில் தவிட்டை எண்ணெய்க்காரர்கள் லாரியோடு எடுத்துப் போய்விடுகிறார்கள். மில்காரர், "மாடு புடிச்சிட்டீங்களா சிஸ்டர்?" என்றார். "பொண்ணு புடிக்கப் போறேன்" என்றேன். மேலே ஒன்றும் கேட்காமல் ஒரு பை நிறையக் கொடுத்தார். என் கணவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "இந்த வயசுல மறுபடியும் பொண்ணா? இவளுக்கும் நான்தான் கல்யாணம் பண்ணணுமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் வாங்கினேன். அவள் நிலைப்படிக்கு உள்ளே நின்றாள், நான் வெளியே. முறத்தில் தவிட்டைக் கொட்டி நீட்டினேன். மாமியார் வாங்கி மாட்டின் முன்னால் வைத்தாள். பெற்றவள் பிள்ளையை நீட்டினாள். "இது என் பிள்ளை இல்ல" என்று சொல்ல வேண்டும். சொன்னாள். குரல் உடையவில்லை, தப்பாமல் சொல்ல வேண்டும் என்கிற கவனம் மட்டும் இருந்தது. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு, வாசல் வேப்பமரம்வரை போய்த் திரும்பி வந்து, "என் பிள்ளைய வளத்துக் குடு" என்று அவள் கையில் கொடுத்தேன். அதற்குள் மாடு தவிட்டைத் தின்று முடித்திருந்தது. முறத்தின் ஓரத்தை அது நக்குவதையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த புதன்கிழமை நானே போய்த் தூக்கிவந்து தராசில் போட்டேன், ஊசி போட்டேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்ட கைதான். அன்று மருந்துக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேதியைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன், மறுபடியும் தேதியைப் பார்த்தேன். வரிசையில் நின்ற ஒருத்தி, "என்ன சிஸ்டர், ஒங்க பிள்ளைன்னா தேதிய ரெண்டு தடவ பாப்பீங்களா?" என்று சிரித்தாள். அவள் விளையாட்டாகச் சொன்னது எனக்கு உள்ளே போய்த் தைத்தது.

சாயந்திரம் பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. அந்த ஊசிக்கு வருகிற காய்ச்சல்தான். எல்லா அம்மாவிடமும் அதைத்தான் சொல்கிறேன், பயப்படாதீங்க, மருந்து கொடுங்க, பால் கொடுங்க, படுக்கவைக்கும்போது மல்லாக்கப் படுக்கவையுங்க. சொல்கிறவளுக்கு அன்று பயம். மறுநாளும் அதற்கு மறுநாளும் விடிந்ததும் விடியாததுமாக அந்த வீட்டில் நின்றேன். நான் போனபோது அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து கண்ணை மூடாதவள் அவள் என்று மாமியார் சொன்னாள். "உங்களுக்கு வித்த அன்னைலேருந்துதான் தூங்கறா." நான் பாயில் உட்கார்ந்து பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்தேன். சற்று நின்றதுபோல் தெரியும், என் மூச்சு நின்றுபோகும். பிறகு ஏறும். பிள்ளையை விற்றவள் அவளுடைய தூக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள் என்று புரிந்தது. கோபம்கூட வந்தது எனக்கு. என்ன வியாபாரம் இது என்று நினைத்தேன்.

இப்படித்தான் ஒவ்வொரு ஊசிக்கும் நடந்தது. நான் தூக்கிப்போவேன், கொண்டுவந்து விடுவேன். எடையை மாமியாரிடம் உரக்கச் சொல்வேன். பெற்றவள் அடுப்படியில் பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். ஒரு நாளும் வெளியே வந்து கேட்டதில்லை. வளர்க்கிறவளுக்கு அந்த உரிமை இல்லை என்று முடிவு கட்டியிருந்தாள் போல.

பிள்ளைக்கு ஒன்பது மாதம் இருக்கும். அந்தத் தெருவில் ஒரு கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பினேன். அவள் வீட்டு வாசலில் நிற்பது தெரிந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் தெருவைப் பார்த்து, யாருக்கோ சொல்வதுபோல், உரக்கவும் இல்லாமல் ரகசியமாகவும் இல்லாமல் சொன்னாள்.

"இங்க பிள்ள யாரும் இல்ல."

தெருவில் யாருமே இல்லை. நான் மரத்தோரம் இருட்டில் நின்றிருந்தேன், என்னை அவள் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை கெஞ்சலாக இருந்தது. "இங்க இல்லப்பா. போ." பிறகு கதவைச் சாத்தினாள். தினமும் அந்த நேரத்தில் அப்படிச் சொல்வாள் என்று பிறகு மாமியார் சொன்னாள். அதுவும் வழக்கமா என்று கேட்டேன். "அப்படி ஒரு வழக்கம் நான் கேள்விப்பட்டதில்ல. அவளா பண்ணிக்கிறா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகளைக் காப்பாற்ற மகனை ஒவ்வொரு நாளும் வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள் அவள். அன்று வீடு வரும்வரை அழுதேன். எதற்கு என்று தனியாகச் சொல்லத் தெரியவில்லை.

பேச்சு வந்ததும் பெண் என்னை அம்மா என்றாள், பெற்றவளைச் சித்தி என்றாள். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஊரே என்னை நர்சம்மா என்றுதான் கூப்பிடும், அதில் ஓர் அம்மா இருக்கிறாள், அது எனக்கு உறைத்ததே இல்லை. இவள் தெருமுனையிலிருந்து "அம்மா" என்று ஓடிவரும்போது உறைத்தது. அவளுக்குச் சளி பிடித்தால் எனக்குச் சோறு இறங்காது. வாய்க்கால் பக்கம் விளையாடினாள் என்று கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். பால்வாடியில் சத்துமாவு உருண்டை வேண்டாம் என்றாளாம், அதற்கும் எனக்குத்தான் புகார் வரும்.

வராந்தாத் தூளியை நானும் பிடித்து நிறுத்தத் தொடங்கினேன். எப்போதிருந்து என்று தெரியாது. அலையாத்திக் காட்டுப் பக்கமிருந்து காற்று வந்தால் அது தானாக ஆடும். பார்த்தால் மனம் கேட்காது, எழுந்து போய்ப் பிடித்துவிட்டு வருவேன். மாலையில் அதைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஒரு புதன்கிழமை மதியம். எல்லோரும் போய்விட்டார்கள். முன்னறையில் உட்கார்ந்து செல்போனில் அன்றைய விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். தூளியை இன்னும் சுருட்டிக் கட்டவில்லை. சுருள்கம்பி முனகியது. வெறும் தூளி காற்றில் ஆடினால் தராசு வெறுமனே டிக் டிக்கென்று தட்டும். பிள்ளையின் பாரம் இருந்தால்தான் அது மெல்ல, அடியிலிருந்து முனகும். இத்தனை வருஷக் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போகாது. நான் கேட்டது பாரம் இருக்கிற சத்தம். யாராவது பிள்ளையோடு திரும்பி வந்திருக்கிறார்களா என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. முனகல் அடங்கிற்று, மறுபடியும் ஒருமுறை வந்தது. எழுந்து நாலு அடி வைத்தால் வராந்தா தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. பயத்தால் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போய்ப் பார்த்து, தூளி காலியாக இருந்தால் என்ன செய்வது என்பதும் அந்தப் பயத்துக்குள் இருந்தது. இதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை.

பெண்ணுக்கு ஐந்து முடிந்தது. என் கையால் போடவேண்டிய கடைசி ஊசியும் போட்டாகிவிட்டது. அழவில்லை, என்னை முறைத்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்குமுன் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று மாமியார் சொல்லி அனுப்பினாள். ஐந்து தாண்டிவிட்டால் பயமில்லையாம். நான் அந்த வீட்டுக்குப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் மறுநாள் சாயந்திரம் வெயில் தாழ்ந்த நேரத்தில் அவளே வந்தாள். ஒரு கையில் மகள், மறு கையில் தவிட்டுப் பை. என் படி ஏறி வந்தாள். மூத்தவன் போன பிறகு அவள் அந்த வராந்தாவில் கால் வைத்தது அன்றுதான்.

நான் முறத்தை நீட்டினேன். தவிட்டைக் கொட்டினாள். பெண்ணின் கையைப் பிடித்து அவள் கையில் கொடுத்தேன். "இது என் பிள்ளை இல்ல" என்று இப்போது நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை என்ன கனம் என்று அப்போதுதான் தெரிந்தது. 'இல்ல' என்கிற இதே வார்த்தையை அவள் வாசலில் நின்று எத்தனை சாயந்திரம் சொல்லியிருப்பாள்?

பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இனிமே யார அம்மான்னு கூப்புடறது?" என்றாள். "இவங்கள" என்றேன். "அப்ப நீங்க?" என்றாள். "நர்சம்மா." அதிலும் அம்மா இருப்பதைக் கண்டுபிடித்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, வாசலில் கோழியைத் துரத்தப் போய்விட்டாள்.

பெற்றவள் போகாமல் நின்றாள். தராசின் பக்கம் பார்த்தாள், இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. இன்னும் சுருட்டிக் கட்டாத தூளி காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? சிரிக்கக் கூடாது."

"கேளு."

"இத்தன வருஷம் அவன இங்க இல்ல, இங்க இல்லன்னு சொல்லிச் சொல்லியே அனுப்புனேன். கைப்பிள்ளக்கா அவன். வேற எங்க போவத் தெரியும்? அவனுக்குத் தெரிஞ்ச இன்னொரு எடம் இதுதான்." தூளியைக் காட்டினாள். "இங்க வந்தானா?"

சம்பந்தமில்லை, காரணம் தெரியாது, பயப்பட ஒன்றுமில்லை. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள் எல்லாம் என் நாக்கில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றுகூட அவள் கேட்டதற்குப் பதில் இல்லை.

"வந்தான்" என்றேன்.

அவள் கண் என் முகத்தை விட்டு அகலவில்லை. பொய் இருக்கிறதா என்று தேடினாள். பொய் சொல்கிறோம் என்று எனக்கும் தோன்றவில்லை.

"எடை பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கூடியிருந்தானா அக்கா?"

"கூடியிருந்தான்" என்றேன். "நல்லாவே கூடியிருந்தான்."

ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. பிறகு தூளியின் பக்கம் போய்க் கையை நீட்டினாள். பிடித்து நிறுத்தத்தான் போகிறாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. தூங்குகிற பிள்ளையை ஆட்டுவதுபோல, அதை மெல்ல ஆட்டிவிட்டாள்.